பங்குனி வெயிலில் எந்தக் கடற்கரைக்குப் போவது? மதுரையிலிருந்து ஓர் ஒப்பீடு

மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பேச்சே மாறிவிடும். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேற்றம் எப்போது, வைகையில் தண்ணீர் திறப்பார்களா, மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போட ஆள் கிடைப்பாரா என்பவைதாம் பேச்சாக இருக்கும். இந்த முறை எங்கள் வீட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வெயில் முற்றுவதற்குள் கடற்கரை ஊர் ஒன்றுக்கு இரண்டு நாள் போய் வர வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மகன் ஏழாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. கூட வருபவர் என் மாமியார். எழுபது வயதைத் தாண்டியவர். இரண்டு முழங்காலிலும் வலி. எங்கள் இருவரையும் சேர்த்து ஐந்து பேர். ஐவருக்கும் ஒத்துவருகிற ஊரைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் பேசினோம். அந்தப் பேச்சில் தேறியவற்றை இதே யோசனையில் இருக்கும் மற்ற மதுரைக் குடும்பங்களுக்காக எழுதிவைக்கிறேன்.

"முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். கடலைப் பார்க்கப் போகிறோமா, கோயிலைப் பார்க்கப் போகிறோமா?" என்று அத்தை கேட்டார். அதுவரை ஆளுக்கொரு ஊரைச் சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் அதன் பிறகுதான் ஒழுங்காக யோசிக்கத் தொடங்கினோம். கடலுக்குத்தான் என்று முடிவானது. கோயில் வழியில் வந்தால் சரி.

ஊருக்கு முன்னால் நாளை முடிவு செய்ய வேண்டும். பெரும்பொழுதுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் மதுரையில் சித்திரை பிறக்கும்போது வெயில் நூறு டிகிரியைத் தொட்டு நிற்கிறது. வசந்தம் என்று நாம் அனுபவிக்க முடிகிற நாள்கள் பங்குனிக்குள்ளேயே வந்து போய்விடுகின்றன. அதோடு இரண்டு தேதிகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது ஏப்ரல் 15. கிழக்குக் கரை முழுவதும் அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டுவிடும். நாட்டுப் படகுகள் மட்டும் போய்வருவதால் மீன் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். கடற்கரை ஊருக்குப் போய் நல்ல மீன் சாப்பிட வேண்டும் என்று நினைப்பவர்கள் தமிழ்ப் புத்தாண்டுக்குள் போய் வந்துவிட வேண்டும். இரண்டாவது தேதி சித்திரைத் திருவிழா. கொடியேறிய பிறகு மதுரைக்காரர் வெளியூர் போவதாவது? அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் வெளியூர்ச் சொந்தங்கள் எல்லாரும் நம் வீட்டில்தான் இருப்பார்கள். பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வோ ஏப்ரல் நடுவில் தொடங்கி அதன் பின்பாதி வரை இழுக்கிறது. இவை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது பங்குனிப் பின்பாதியில் ஒரு சனி, ஞாயிறு. பங்குனி உத்திரம் அந்த நாள்களில் விழாமல் பார்த்துக்கொண்டால் முருகன் கோயில் சாலைகளின் நெரிசலிலிருந்தும் தப்பிக்கலாம்.

எங்கள் முன்னால் இருந்தவை நான்கு ஊர்கள்: புதுச்சேரி, இராமேசுவரம், கன்னியாகுமரி, தூத்துக்குடி. சென்னையைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. மெரினாவைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், அது போதும்.

புதுச்சேரி மகனின் விருப்பம். எனக்கும் ஆசைதான். 1904ஆம் ஆண்டு நம் சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பாரதி, 1908இலிருந்து பத்தாண்டுக் காலம் வாழ்ந்த ஊர் அது. அவர் குடியிருந்த ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீட்டின் முற்றத்தில் ஒரு மத்தியான வேளை முழுக்க உட்கார்ந்திருக்கலாம். மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மனிதர்களுக்கு விட்டுவிடுகிற கடற்கரைச் சாலையும் முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றது. மணலில் கால் புதையாது, உட்கார இடமும் உண்டு. ஆனால் நகரை ஒட்டிய கரையின் பெரும்பகுதி கருங்கல் தடுப்பு. பிள்ளைகள் கால் நனைக்க வேண்டுமென்றால் வேறு இடம் தேடிப் போக வேண்டும். முக்கியமான குறை தூரம். மதுரையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு நாளில் ஒரு நாள் சாலையிலேயே போய்விடும். சனி, ஞாயிறு என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கூட்டத்தில் அறை கிடைப்பதும் பாடு. நான்கு நாள் விடுப்பு உள்ளவர்கள் தயங்காமல் போகலாம். எங்களுக்கு அது இல்லை.

இராமேசுவரத்தை விலக்குவதுதான் கடினமாக இருந்தது. சுமார் 170 கிலோமீட்டர். பரமக்குடி வரை நான்குவழிச் சாலை, அதற்குப் பிறகு இருவழி. ரயிலில் போனால் பயணமே பாதி இன்பம். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டு மறுபடியும் ரயில் கடல்மேல் ஓடுகிறது. கப்பல் வரும்போது நடுவில் உள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலே எழும்புகிறது. பழைய பாலத்தில் இரண்டு கைகளைப் போல விரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இது வேறு அனுபவம். என் மகன் இதற்காகவே இராமேசுவரம் போக வேண்டும் என்று கடைசிவரை வாதாடினான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

தனுஷ்கோடியையும் ஒருமுறையாவது எல்லாரும் பார்க்க வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சிதைவும் அங்கே நிற்கின்றன. 2017இல் போட்ட சாலை அரிச்சல்முனை வரை கொண்டுபோய் விடுகிறது. ஒரு பக்கம் பாக் நீரிணையின் அமைதியான நீர், மறு பக்கம் மன்னார் வளைகுடாவின் அலை. அங்குள்ள மீனவர்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் சேர்கிற முனையில் நிற்கும்போது அந்தப் பெயர்களின் பொருத்தம் விளங்கும்.

ஆனாலும் நான் இராமேசுவரம் வேண்டாம் என்றேன். காரணம், சில ஆண்டுகளுக்கு முன் இதே பங்குனியில் நாங்கள் பட்டது. காலையில் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு, பசியாறி, தனுஷ்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அந்தச் சாலையில் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிய மகளின் உள்ளங்கால் மணலில் சுட்டுக் கொப்புளித்துவிட்டது. அத்தைக்குத் தலைசுற்றல். வேனுக்குள் ஈரத் துணியை நெற்றியில் போட்டுப் படுக்க வைத்தோம். தவறு எங்களுடையது, நேரத்தைப் பார்க்காமல் போய்விட்டோம். தீர்த்தமாடுகிற இடங்களில் தரை எப்போதும் ஈரமாக இருப்பதால் முழங்கால் வலிக்காரர்கள் ஒவ்வோர் அடியும் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. கோயிலின் நீண்ட பிராகாரம் உச்சி வெயிலுக்கு அருமையான இடம்தான், ஆனால் பகல் ஒரு மணிக்கு நடை சாத்திவிட்டால் மூன்று மணிக்குத்தான் திறக்கிறார்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வெளியே நிற்க நேர்கிறது. முன்னோர் கடன் கழிக்க வேண்டியவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, அவர்கள் போக வேண்டிய ஊர் இராமேசுவரம்தான். மற்றவர்கள் தை மாதத்தில் போவது நல்லது.

அந்தப் பயணம் கற்றுக்கொடுத்த கேள்வியைத்தான் இப்போது எல்லா ஊரிடமும் கேட்கிறேன்: பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை எங்கே இருப்போம்? கடற்கரைப் பயணத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் சூரிய உதயத்தையும் மாலைக் காற்றையும் பேசுகிறார்கள். அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. கடலோரத்தில் வெப்பமானி மதுரையைவிடக் குறைவாகத்தான் காட்டும். காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை உலராது. உடம்பு இரண்டு மடங்கு களைத்துப்போகும். நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று கிளம்பும். அது வந்த பிறகு நிழலில் இருப்பவர்களுக்குச் சுகம். வெட்டவெளியில் நிற்பவர்களுக்கு அந்தக் காற்றும் வெயிலின் கடுமையை மறைத்துவிடும். மாலையில்தான் தோல் கறுத்ததும் எரிவதும் தெரியும்.

கன்னியாகுமரி இந்தக் கேள்விக்கு ஓரளவு நல்ல பதிலே சொல்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் மரக் கூடங்கள் வெயில் தெரியாதவை (திங்கட்கிழமை மூடியிருக்கும்). சுசீந்திரம் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு, ஒரே படகுப் பயணத்தில் இரண்டையும் நடந்தே பார்க்க முடிகிறது. முன்பு கடல் கொஞ்சம் பொங்கினாலும் வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது; பலர் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். வாய்ப்பாக, மேற்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. எனவே சித்திரையில் போனாலும் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் மீனுக்குக் குறைவிருக்காது.

குறைகளும் உண்டு. சுமார் 245 கிலோமீட்டர். நான்குவழிச் சாலை என்றாலும் நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்து மணி நேரம். படகுக்கு வரிசையில் நிற்பது முதியவர்களுக்குக் கடினம், விடுமுறை நாள்களில் அந்த வரிசை நம் பொறுமையைச் சோதிக்கும். மூன்றாவதாக நான் சொல்வதைப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அருள்கூர்ந்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் குமரிக் கரையில் கள்ளக்கடல் வரும். தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் தள்ளிவிடுகிற நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே கரையேறுகின்றன. உள்ளூரில் காற்றோ மழையோ இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறும். கள்ளனைப் போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துக்கொண்டது. எல்லாரும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்புகிற நாளுக்கு முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எச்சரிக்கை இருந்தால் கால் நனைக்கவும் இறங்கக் கூடாது.

குமரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சித்திரா பௌர்ணமி அன்று மாலை, மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலவு எழுவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் அதே நாளில்தான் அழகர் வைகையில் இறங்குகிறார். அந்தக் காட்சியைப் பார்க்க எனக்கு எவ்வளவோ நாளாக ஆசை. மதுரையில் இருக்கும்வரை அது நடக்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

இனி தூத்துக்குடி. நான் இந்தப் பெயரைச் சொன்னபோது வீட்டில் எல்லாரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். "அங்கே என்ன இருக்கிறது? துறைமுகமும் லாரியும்தானே?" என்றார் என் கணவர். திருச்செந்தூர் போகிற வழியில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற ஊராகத்தான் நம்மில் பலருக்கு அது பழக்கம். இரண்டு நாள் அங்கே தங்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. நான் நினைத்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் பயணம். 150 கிலோமீட்டருக்கும் குறைவு. மாட்டுத்தாவணியிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். காரில் போனால் இன்னும் நல்லது, ஏனென்றால் அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் வழியில் எட்டயபுரம் வருகிறது. நான்குவழிச் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பினால் பாரதி பிறந்த வீடும், 1947இல் திறக்கப்பட்ட அவருடைய மணிமண்டபமும், முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடமும் இருக்கின்றன. புதுச்சேரிக்குப் போகாவிட்டால் என்ன? பாரதியின் முதல் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறோம். இன்னும் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் பாஞ்சாலங்குறிச்சி. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு கோட்டை இடிக்கப்பட்டது. இப்போது இருப்பது 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டை. ஏழாம் வகுப்புப் பையனுக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் வேண்டாம்.

கடலைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியின் கரை குமரியைப் போல அழகானது அன்று. முத்துநகர் கடற்கரையும் ரோச் பூங்காவும் சிறியவை. முயல் தீவுக் கரையில் தூரத்துத் துறைமுகப் பளுதூக்கிகள் தெரியும். ஆனால் மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளில் ஒரு வரிசை இந்த ஊருக்கு முன்னால்தான் கிடக்கிறது. தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளும் பேரலைகளை வெளியிலேயே உடைத்துவிடுவதால் பங்குனியில் இங்கே கடல் ஏரியைப் போல இருக்கும். தீவுகள் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை. அவற்றில் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. நான்காம் வகுப்புப் பிள்ளை முழங்கால் அளவு நீரில் நிற்கும்போது தாய்க்கு நெஞ்சு பதறாமல் இருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அழகைவிட அது பெரிது. வைகாசிக்கு மேல் தென்மேற்கிலிருந்து காற்று வலுத்துவிட்டால் இந்த அமைதி இருக்காது.

பதினொன்று முதல் நான்கு வரை? பனிமய மாதா பேராலயத்தின் உள்ளே போய் உட்காருங்கள். 1713இல் கட்டி முடித்த கோயில். உயர்ந்த கூரையின் கீழ் காற்று தங்கி நிற்கும். முத்துக் குளித்த பரதவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் தாயாக வணங்கிவரும் மாதா. அத்தை எங்கே போனாலும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர், அவருக்கு இது வேற்றிடமாக இருக்காது. பிறகு மத்தியானச் சாப்பாடு, அறையில் இரண்டு மணி நேர உறக்கம். வெளியே கிளம்பும்போது பேக்கரியில் மக்ரூன் வாங்கலாம். முந்திரியும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக் கருவும் மட்டும் சேர்ந்து, வாயில் வைத்ததும் கரைகிற அந்தப் பண்டம் காற்று பட்டால் சீக்கிரம் நமுத்துவிடும். அதனால் ஊர் திரும்புகிற நாளில் வாங்கி இறுக மூடிக் கொண்டுவர வேண்டும்.

இந்தப் பயணத்தை நான் விரும்புவதற்கு முதற்காரணம் உப்பளங்கள். வசந்தத்தில் மற்ற ஊர்களில் பூவைப் பார்க்கப் போவார்கள். நம் பக்கத்தில் பங்குனியும் சித்திரையும் உப்பு விளைகிற காலம். திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு, பழையகாயல் பக்கம் போனால் இருபுறமும் பாத்தி பாத்தியாக நீர் நிற்கும். வெயில் ஏற ஏற அது இறுகி வெள்ளையாகிறது. வாரி வைத்த உப்பு ஓரத்தில் அம்பாரமாகக் குவிந்திருக்கும். நமக்கு ஒதுங்க இடம் தேட வைக்கிற அதே வெயிலும் வறண்ட காற்றும்தான் இதற்கு வேண்டும். ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துவிடும். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். வெள்ளைப் பரப்பிலிருந்து எதிரடிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது, உப்பு நீர் காலை அறுக்கிறது. அதனால் விடியுமுன்பே வந்து, வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை வாரிவிடுகிறார்கள். நம் சோற்றில் விழுகிற ஒரு கல் உப்பு எப்படி வந்தது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். சாலையோரத்தில் நின்று பாருங்கள். உள்ளே இறங்க வேண்டுமானால் அங்கிருப்பவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். வேலை செய்கிறவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்ட வேண்டாம்.

அந்தச் சாலையில் பங்குனிக்கே உரிய இன்னொன்று பதநீர். பனை பாளை விட்டுச் சுரக்கிற காலம் இது. காலையில் இறக்கிய பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கை அதில் போட்டுத் தருவார்கள். வெயில் ஏறிய பிறகு கிடைப்பது புளிக்கத் தொடங்கியிருக்கும், ஆகவே காலையிலேயே குடித்துவிட வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி திருச்செந்தூருக்குத் தெற்கே கிடைக்கும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் வழியில் ஆத்தூர் வெற்றிலை உண்டு. அத்தைக்கு அதுவே போதும். திருச்செந்தூர் தூத்துக்குடியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கோயிலும் கடலும் ஒட்டியிருக்கிற இடம் என்பதால் அத்தையின் கேள்விக்கு இரண்டு பதிலும் அங்கே கிடைத்துவிடுகின்றன.

கொற்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண்ணால் கடல் விலகிப்போய், இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிற சிற்றூர். குளம், சின்ன அம்மன் கோயில், ஒரு பழைய வன்னி மரம் தவிர அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மதுரையில் பிறந்த பிள்ளைகள் அங்கே ஒருமுறை நிற்க வேண்டும் என்பது என் ஆசை. நம் ஊருக்கு ஒரு காலத்தில் கடல் இருந்தது; அது இங்கேதான் இருந்தது.

இப்போது திட்டம் இப்படி. பங்குனிக் கடைசிக்கு முந்திய சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வாடகைக் காரில் கிளம்புகிறோம். பஸ்ஸைவிடச் செலவு கூடுதல்தான், ஆனால் அத்தையின் முழங்காலையும் எட்டயபுரத்தையும் நினைத்து அதை ஏற்றுக்கொண்டோம். வெயில் ஏறுவதற்குள் எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும், பிறகு தூத்துக்குடியில் கோயில், சாப்பாடு, உறக்கம், ஐந்து மணிக்கு மேல் கடல். ஞாயிறு விடிந்ததும் உப்பளம், பதநீர், திருச்செந்தூர். வெயில் தாழ்ந்த பிறகு கொற்கை வழியாக ஊர் திரும்பல். தொப்பி, குடை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பிள்ளைகளுக்குக் கழற்றாத செருப்பு ஆகியவற்றை எடுத்து வைத்தாயிற்று.

பாம்பன் பாலத்தைத் தைப் பொங்கல் விடுமுறைக்கு என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலைப் பக்கத்தில் போய்ப் பார்க்க விடுவார்களா என்று நேற்றிரவு கேட்டுக்கொண்டிருந்தான்.